அந்த மதிப்பெண் யாருக்கு?

கொரோனா காலத்தில் போனிலும் காணொளியிலும் நோயாளிகளைப் பார்த்த பொது மருத்துவர்களில் நானும் ஒருவன். அந்த வைத்தியம் எப்படி இருந்தது என்று நோயாளிகளையே கேட்டு எழுதிய ஆய்வுகள் 2020 முதல் வந்தபடி இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே ஒரே சேதியைத்தான் சொல்கின்றன: நோயாளிகளுக்குத் திருப்தி, அதுவும் அமோகமான திருப்தி. நியூயார்க் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் 38,609 பேரின் கருத்துகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், நேரில் வந்து டாக்டரைப் பார்த்தவர்கள் நூற்றுக்குச் சராசரியாக 92.5 போட்டிருந்தார்கள். காணொளியில் பார்த்தவர்கள் போட்டது 94.9. தொட்டுப் பார்க்காத வைத்தியம் தொட்டுப் பார்த்த வைத்தியத்தை இரண்டு புள்ளிக்கு மேல் முந்திவிட்டது. நாடி பிடித்துப் பழகிய எந்த மருத்துவருக்கும் இதைப் படித்தால் கொஞ்சம் ரோஷம் வரும். ஆய்வையே சந்தேகிக்கத் தோன்றும். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. நோயாளிகள் மனதில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த மதிப்பெண் போனுக்கும் திரைக்கும் விழுந்தது என்று படிப்பதுதான் தவறு என்பது என் கட்சி. நாம் அதுவரை நடத்திவந்த ஓ.பி.க்கு நோயாளிகள் போட்ட குறை மதிப்பெண்ணே, திருப்பிப் போட்டபோது தொலை மருத்துவத்தின் நிறை மதிப்பெண்ணாகத் தெரிகிறது.

ஓ.பி. என்பது நோயாளிக்கு என்ன என்று அவர் பக்கம் நின்று கணக்குப் போட்டால் இது விளங்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கும் கூலித் தொழிலாளி ஒருவருக்கு அரசு மருத்துவமனை ஓ.பி. என்பது ஒரு முழு நாள். விடிகாலை பஸ், ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒன்று, அதன் முடிவை வாங்க ஒன்று, மாத்திரை வாங்க ஒன்று. துணைக்கு வந்தவரின் கூலியும் போச்சு. மருந்து இலவசம்தான், அந்த நாள் இலவசமில்லை. இவ்வளவுக்கும் நடுவில் டாக்டரோடு இருக்கும் நேரம் எவ்வளவு? 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த ஆய்வு, முதல்நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல் என்றும் இந்தியாவில் சுமார் 2 நிமிடம் என்றும் காட்டியது. வங்காள தேசம் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை என்பதை நமக்கு ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நிமிடத்திலும் டாக்டரின் மேசையைச் சுற்றி இன்னும் நான்கு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவரின் மூலநோயை அடுத்தவர் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட இடத்திலிருந்து விடுபட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, வேறு யாரையும் பார்க்காமல் தன்னை மட்டும் பார்த்துப் பேசும் ஒரு டாக்டர் ஐந்து நிமிடம் கிடைத்தால் யார்தான் 95 போடமாட்டார்கள்? அவர்கள் மதிப்பிடுவது தங்களுக்குக் கிடைத்ததை மட்டுமல்ல, மிச்சமானதையும் சேர்த்து.

பெருந்தொற்று இந்தக் கணக்கை இன்னும் சாய்த்துவிட்டது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில், இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக அப்போது இயங்கிவந்த ஆளுநர் குழு தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதற்கு முன்பு போனில் வைத்தியம் சொல்வது டாக்டர்களுக்கு நெருப்பைத் தொடுவது மாதிரி இருந்தது. 2018இல், டாக்டர்கள் ஊரில் இல்லாமல் போனிலேயே சிகிச்சை சொல்லி, நோயாளிப் பெண் இறந்துபோன வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதன் பிறகு தெரிந்தவர் போன் செய்தால்கூட ‘நேரில் வாங்க’ என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு என்று பலரும் முடிவுகட்டியிருந்தோம். அந்தப் பூட்டு ஒரே நாளில் திறந்தது. ஆகவே நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், அன்றைக்குப் போனில் கிடைத்த டாக்டரை அவர் ஒப்பிட்டது நேரில் கிடைக்கும் நல்ல டாக்டரோடு அல்ல. மூடிக் கிடந்த கிளினிக், ஓடாத பஸ், ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே தொற்றிக்கொள்ளும் என்ற பயம் ஆகியவற்றோடு. ஒன்றுமே இல்லாததோடு ஒப்பிட்டால் எதுவும் பெரிதுதான்.

எந்த மாதிரி நோயாளிகள் போனுக்கு வந்தார்கள் என்பதும் சேர்ந்தது. அந்த நெறிகள் மருந்துகளைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்தன. பாரசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். படர்தாமரைக்கான களிம்பு, கண் சொட்டு மருந்து போன்றவற்றை முதல் முறையாக எழுத வேண்டுமானால் காணொளியில் முகம் பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே பிரஷருக்கும் சுகருக்கும் சாப்பிட்டுவரும் மாத்திரையைத் தொடரச் சொல்லலாம். அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமானால் அவர் ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த பழைய நோயாளியாக இருக்க வேண்டும். தூக்க மருந்து, போதை தரும் மருந்து வகையறாக்கள் கூடவே கூடாது. கையெழுத்திட்ட சீட்டை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். மிகவும் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், நோய் என்னவென்று ஏற்கெனவே தெரிந்தவர்களும் தொல்லை சிறியதாக உள்ளவர்களுமே தொலை மருத்துவத்துக்கு அதிகம் பொருந்தினார்கள். பழைய சீட்டைத் தொடர வந்தவருக்குத் திருப்தி கிடைப்பதில் வியப்பென்ன? நியூயார்க் ஆய்விலேயே, முதல் முறையாக டாக்டரைப் பார்த்தவர்களின் திருப்தி குறைந்தே இருந்தது. தலைப்புச் செய்தியாக 94.9 போனது; இந்த வரி போகவில்லை.

நம் ஊர்க் கணக்கும் தேவையின் அளவைத்தான் காட்டுகிறது. மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி ஓ.பி. 2020 ஏப்ரல் 13 அன்று தொடங்கியது. நோயாளி வீட்டிலிருந்தபடியே அரசு டாக்டரோடு காசில்லாமல் பேசலாம். ஆகஸ்டு 9க்குள் நாடு முழுக்க ஒன்றரை லட்சம் ஆலோசனைகள் நடந்திருந்தன. அவற்றில் 32,035 தமிழ்நாட்டில், அதாவது எல்லா மாநிலங்களையும்விட அதிகம். மாவட்டங்களில் விழுப்புரம் முன்னணியில் இருந்தது. பெங்களூரோ மும்பையோ சென்னையோ அல்ல, விழுப்புரம். ஸ்மார்ட்போன் மோகத்தால் ஒரு மாவட்டம் இப்படி முன்னுக்கு வந்துவிடாது. பெரிய டாக்டரைப் பார்க்க புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிற ஊர்களில் அந்த பஸ் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்கிறது என்றே நான் படிக்கிறேன்.

திரைக்கும் திருப்திக்கும் தொடர்பு குறைவு என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. தொலை மருத்துவத்தில் நோயாளிகளின் திருப்தி பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2000ஆம் ஆண்டு வந்தது. 32 ஆய்வுகள், எல்லாவற்றிலும் நோயாளிகளுக்கு நல்ல திருப்தி. அந்த ஆய்வுகளில் பலவும் ஆள் எண்ணிக்கையில் சிறியவை, அமைப்பில் ஓட்டையானவை, எதற்காகத் திருப்தி என்பதைத் தோண்டிக் கேட்காதவை என்று அக்கட்டுரை ஆசிரியர்கள் அப்போதே எச்சரித்தார்கள். அது எப்பேர்ப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் செயற்கைக்கோள் இணைப்போடு அப்பல்லோ தொலை மருத்துவ மையம் தொடங்கியது அந்த ஆண்டில்தான். படம் திக்கித் திக்கி வரும். குரலுக்கும் உதட்டசைவுக்கும் சம்பந்தமிருக்காது. அப்போதும் திருப்தி. இருபது ஆண்டுகளில் இணைப்பு, கேமரா, போன் எல்லாம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. இப்போதும் அதே திருப்தி. கருவி தலைகீழாக மாறியும் அசையாத ஒரு மதிப்பெண், கருவியை அளக்கிறது என்று எப்படிச் சொல்வது? இரண்டு காலத்திலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: பயணமும் காத்திருப்பும் மிச்சமானது.

கேட்கும் விதத்திலும் ஒரு சாய்வு இருக்கிறது. அழைப்பு முடிந்ததும் ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று செயலி கேட்கிறது. அல்லது மருத்துவமனையிலிருந்தே ஒருவர் போன் செய்து ‘டாக்டர் நல்லாப் பார்த்தாங்களாம்மா?’ என்கிறார். இலவசமாகப் பார்த்த அரசு டாக்டரைப் பற்றி அரசு ஊழியர் கேட்டால், அடுத்த மாதமும் அங்கேயே போக வேண்டியவர் என்ன சொல்வார்? நல்லாப் பார்த்தாங்க என்பார். அது பொய்யல்ல, மரியாதை. தவிர, அழைப்பு முடிந்தவரிடம்தான் இந்தக் கேள்வியே போகிறது. ஓடிபி வராமல் நின்றவர், அரை மணி நேரம் காத்திருப்பு அறையில் இருந்துவிட்டு சார்ஜ் தீர்ந்துபோனவர், ஆங்கிலத்தில் வந்த செய்தியைப் படிக்கத் தெரியாமல் அழித்துவிட்டவர் ஆகியோருக்கு அந்த நட்சத்திரங்கள் தெரிவதே இல்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். நோயாளி என்ன முட்டாளா? தனக்கு நல்லது நடந்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியாதா? டாக்டர்கள் தங்கள் நாற்காலியின் மகிமையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்படியெல்லாம் பேசுகிறார்கள் என்பார்கள். இதில் பாதியை நான் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறேன். நேரம், செலவு, மரியாதை, சொன்னது புரிந்ததா, கேட்க நினைத்ததைக் கேட்க முடிந்ததா ஆகியவற்றுக்கு நோயாளியைவிடப் பெரிய நீதிபதி கிடையாது. இந்த விஷயங்களில் டாக்டர்கள் நெடுங்காலமாகத் தீர்ப்புக்கே நிற்காமல் தப்பித்து வந்தோம்; கொரோனா நம்மைக் கூண்டில் ஏற்றியது நல்லதே. ஆனால் கண்ணில் படாத ஒன்றை விட்டுவிட்டார்களா என்பதற்கு நோயாளி சாட்சி சொல்ல முடியாது. அமெரிக்காவில் சுமார் 52,000 பேரைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வில், தங்கள் டாக்டரிடம் மிக அதிகத் திருப்தி கொண்டிருந்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது குறைவு. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்ததும் மருந்துக்குச் செலவழித்ததும் கூடுதல், இறப்பும் கூடுதல். திருப்தி கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு மோசமாக இருப்பவர்கள் டாக்டரோடு நெருக்கமாகி, அதனால் திருப்தி கூடியிருக்கலாம் என்று அதற்கு மறுப்பும் உண்டு, அது சரியாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் திருப்தி ஏறினால் உடல்நலமும் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வழியில்லை என்பது நிலைத்துவிட்டது.

கொரோனாவோ இந்தப் பிரிவை வேறெந்த நோயையும்விடக் கொடுமையாகக் காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். மூச்சுத் திணறல் உறைக்கவே உறைக்காது. நேரிலென்றால் வாசலிலிருந்து நாற்காலிக்கு நடந்து வருவதற்குள் மார்பு ஏறி இறங்கும் வேகம் கண்ணில் படும், விரலில் கருவியை மாட்டினால் எண் தெரிந்துவிடும். போனில் அவர் ‘லேசா அசதி சார், மத்தபடி நல்லா இருக்கேன்’ என்பார். அந்த அழைப்புக்கு அவர் முழு மதிப்பெண் போட்டிருப்பார், உண்மையாகவே போட்டிருப்பார். ஒரே மூச்சில் முப்பது வரை எண்ணச் சொல்லி, எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கேட்டு ஆக்சிஜனைக் கணிக்கும் உத்தி ஒன்று 2020இல் டாக்டர்களிடையே வேகமாகப் பரவியது. கொரோனாவுக்கு அது நம்பத்தகுந்ததல்ல, பயன்படுத்தாதீர்கள் என்று ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் சீக்கிரமே சொல்லிவிட்டார்கள். கடைசியில் கைகொடுத்தது வீட்டுக்கு வீடு வந்துசேர்ந்த பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். நோயாளி சொல்வதோடு அவர் உடம்பு சொல்வதும் டாக்டருக்குக் கேட்க வேண்டியிருந்தது. அந்த நூறு கிராம்கூட இல்லாத கருவி அதைச் செய்தது.

திருப்தியைத் துரத்தினால் வைத்தியம் எந்தப் பக்கம் வளையும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பெருந்தொற்றுக்கு முன்பே, 2018இல், அமெரிக்கத் தொலை மருத்துவச் சேவை ஒன்றில் சளி, தொண்டை வலி, சைனஸ் தொல்லை போன்றவற்றுக்காக நடந்த 8,437 அழைப்புகளை ஆராய்ந்தார்கள். மருந்தே எழுதாத அழைப்புகளில் 72.5 சதவீதத்துக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்தது. ஆன்டிபயாடிக் எழுதியவற்றில் 90.9 சதவீதம். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் வீண் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். ஆனால் வீண் மருந்தை எழுதாமல் இருந்து, ஏன் எழுதவில்லை என்று பொறுமையாக விளக்கிய டாக்டருக்கு அந்தச் சந்தையில் நட்சத்திரம் குறைகிறது. நேர் சந்திப்பில் ‘மருந்து வேண்டாம்’ என்பதைச் சொல்ல நமக்குக் கைகள் உதவுகின்றன. தொண்டையை டார்ச் அடித்துப் பார்க்கிறோம், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறோம், முதுகைத் தட்டுகிறோம். ‘ஒண்ணுமில்லை’ என்ற சொல்லுக்கு அதனால் எடை கூடுகிறது. போனில் அந்த எடை கிடையாது. அதை ஈடுகட்டச் சீட்டில் ஒரு வரி கூடுகிறது. கொரோனாக் காலத்து வாட்ஸ்அப் சீட்டுகளில் அசித்ரோமைசின் எத்தனை தாராளமாகப் புழங்கியது என்பது மருந்துக்கடைக்காரர்களுக்குத் தெரியும்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய கனமான வாதம் என் வாதத்திலிருந்தே பிறக்கிறது. ஓ.பி.யில் இரண்டு நிமிடம்தான், அதிலும் டாக்டர் தொட்டுப் பார்ப்பதில்லை என்றால், போனில் இழந்தது என்ன? பார்க்காத பரிசோதனையை இழக்க முடியாதே? கேள்வி நியாயமானது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் டாக்டர் எழுதிக்கொண்டே செய்யும் வேலை ஒன்று உண்டு, அதை எங்கும் யாரும் குறித்துவைப்பதில்லை. உள்ளே நுழையும்போது நடை ஒரு பக்கம் இழுக்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, செருப்புப் பட்டை கால் வீக்கத்தில் பதிந்திருக்கிறதா, பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்குகிறாரா, இவ்வளவும் கேள்வி கேட்காமலே கண்ணுக்கு வந்துவிடும். மஞ்சள் காமாலையைப் பகல் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கலாம். மஞ்சள் பல்பு எரியும் அறையிலிருந்து வரும் காணொளியில் முடியாது. சர்க்கரை நோயாளியின் கால் விரலிடுக்குப் புண் அவருக்கே தெரிந்திருக்காது, உணர்ச்சியே இல்லாத இடம் அது. தெரியாத புண்ணைப் போனில் யார் சொல்வது? வரிசையும்கூட ஒரு வேலை செய்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவர் சரிந்தால் செவிலியர் அவரை முதலில் உள்ளே தள்ளிவிடுவார். போன் வரிசையில் எல்லாரும் ஒரே மாதிரி எண்கள்தான். ஆகவே ஓ.பி. கொடுத்துவந்தது குறைவு என்பதும், அந்தக் குறைவும் போனில் வராது என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. நோயாளி முதலாவதைப் பார்க்கிறார், அதனால் போனுக்கு மதிப்பெண் போடுகிறார். இரண்டாவது அவர் கண்ணில் படாது.

பெண்களின் நிலையை எடுத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் தங்கள் உபயோகத்துக்கென்று போன் வைத்திருந்தவர்கள் 54 சதவீதம்; இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். தமிழ்நாட்டில் நிலை மேல், என்றாலும் இணையத்தில் பாதியை எட்டவில்லை. கணவரின் போனில், கணவர் பக்கத்தில் நிற்க, வெள்ளைப்படுதல் பற்றியோ வீட்டில் அடி வாங்குவது பற்றியோ ஒரு பெண் டாக்டரிடம் என்ன பேசிவிட முடியும்? நேரிலென்றால் ‘நீங்க கொஞ்சம் வெளியே இருங்க’ என்று துணைக்கு வந்தவரை அனுப்பிவிடலாம். அப்படியானால் 2023 பிப்ரவரியில் இ-சஞ்சீவனி பத்துக் கோடி ஆலோசனைகளைத் தொட்டபோது பயனாளிகளில் 57 சதவீதம் பெண்கள் என்று அரசு அறிவித்ததே, அது எப்படி என்று கேட்பீர்கள். பதில் அந்தப் பத்துக் கோடி நடந்த இடத்தில் இருக்கிறது. அவற்றில் மிகப் பெரும் பகுதி வீட்டிலிருந்து செய்த அழைப்புகள் அல்ல. ஊர்ப்பக்கத்து நலவாழ்வு மையத்துக்கு நோயாளி நடந்து போகிறார். அங்கிருக்கும் சுகாதாரப் பணியாளர் பி.பி. பார்த்து, சர்க்கரை பார்த்து, தொலைவிலுள்ள டாக்டரைத் திரையில் கூப்பிட்டுக் கொடுக்கிறார். போன் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கணவர் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமுமில்லை.

இந்த முறைக்கு நம்மிடம் நல்ல முன்னுதாரணம் பெருந்தொற்றுக்கு வெகு முன்பே இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்துவந்தது. மையத்தில் டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர் இருக்கிறார், ஸ்லிட் லேம்ப் இருக்கிறது. அவர் கண்ணைச் சோதித்துப் படமெடுத்து வைக்க, டாக்டர் தொலைவிலிருந்து பார்த்து நோயாளியோடு பேசுகிறார். பெரும்பாலோருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ அங்கேயே முடிந்துவிடும். பஸ் ஏற வேண்டியவர் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இங்கே பயணம் மிச்சமாகிறது, பரிசோதனையும் போகவில்லை. நோயாளியின் பக்கத்தில் பழகிய இரண்டு கைகள் இருந்தால் தொலைவு பெரிய குறையே இல்லை. பெருந்தொற்று முடிந்தபின் வீட்டு அழைப்பு சுருங்கி, இந்த வகை நிலைத்து வளர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. திருப்தி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முதலீடு செய்திருந்தால் நேர்மாறாகத்தான் செய்திருப்போம்.

மனநல மருத்துவத்தை நான் இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறேன். பேச்சே சிகிச்சையாக இருக்கும் இடத்தில், பேசி முடித்தவர் மனம் லேசானது என்று சொன்னால் அது சிகிச்சையின் பலனையும் பற்றிய சாட்சியம்தான். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416இல் அழைக்கும் இளைஞர்களில் எத்தனையோ பேர் ஒரு மனநல மருத்துவரின் வாசலை மிதித்திருக்கவே மாட்டார்கள். அங்கே திரை மறைவே உதவி.

மற்ற மருத்துவத்துக்கு வருவோம். அந்த மதிப்பெண் ஓ.பி.யைப் பற்றியது என்றால், செய்ய வேண்டிய முதல் வேலை செயலியை மெருகேற்றுவது இல்லை. ஓ.பி.க்கு வரத் தேவையே இல்லாதவர்களை வரவழைக்காமல் இருப்பது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. திரையில்லை, செயலியில்லை, ஓடிபி இல்லை. வருகிறவர் பக்கத்துத் தெருப் பெண், கையில் பி.பி. கருவி. தொலை மருத்துவத்தில் நோயாளிக்குப் பிடித்திருந்தது எதுவோ அது இதிலும் இருக்கிறது, போனில் கிடைக்காத கைகளும் இருக்கின்றன. இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாத்திரை வீடு தேடி வருகிறதென்று வருஷக்கணக்கில் டாக்டரையே பார்க்காமல் இருந்துவிடும் ஆபத்து இங்கேயும் உண்டு. சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் செய்ய வேண்டிய வருடாந்திரச் சோதனைகளை மாத்திரைப் பட்டை செய்துவிடாது.

அடுத்தது, கேட்பதை மாற்றுவது. அழைப்பு முடிந்த நிமிடத்தில் ஐந்து நட்சத்திரம் கேட்டால் நிம்மதிக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். ஏழாம் நாள் கேட்டால் விடை வேறு மாதிரி வரும்: எழுதிய மருந்து கடையில் கிடைத்ததா, எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், அதே தொல்லைக்கு வேறு டாக்டரிடம் போனீர்களா, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்றா, டாக்டர் எந்த அறிகுறி வந்தால் உடனே வரச் சொன்னார் என்று நினைவிருக்கிறதா? கடைசிக் கேள்வியை நான் மற்றவற்றைவிட மேலாக வைப்பேன். தொட்டுப் பார்க்க முடியாத டாக்டர் செய்யக்கூடிய முக்கியமான காரியம், எப்போது போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதை நோயாளி மனதில் பதியவைப்பதுதான். அது பதிந்ததா என்று எந்த நட்சத்திரமும் சொல்லாது. அழைப்பைத் தொடங்கி முடிக்காமல் விட்டவர்களின் எண்களும் கணினியில் இருக்கவே இருக்கின்றன. அவர்களில் சிலரையாவது திரும்ப அழைத்து என்ன ஆயிற்று என்று கேட்டால், முடித்தவர்கள் ஆயிரம் பேர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இத்தனை பேரைத் திரும்ப அழைக்க ஆள் ஏது, காசு ஏது என்பார்கள் நிர்வாகிகள். எல்லாரையும் அழைக்க வேண்டாம். நூறில் ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால் போதும், ஆனால் அந்த ஐந்தை டாக்டரோ அவர் அலுவலகமோ பொறுக்கக் கூடாது. கேட்பவரும் மருத்துவமனை ஆளாக இருக்கக் கூடாது. 104இல் பதில் சொல்லும் மருத்துவ உதவி மையத்தினர் இதைச் செய்யலாம். மாத்திரைப் பையோடு அந்தத் தெருவுக்குப் போகிற பெண்ணே வாசலில் நின்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அவரிடம் யாரும் ‘நல்லாப் பார்த்தாங்க’ என்று மரியாதைக்குச் சொல்லி நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். மாத்திரை சாப்பிட்டு வாய் கசந்ததிலிருந்து மூன்றாம் நாளே நிறுத்திவிட்டதுவரை அவரிடம்தான் வரும்.